மூச்சு வாங்கும் கை

மிளகாய் வற்றல் எண்ணெயில் கருகி நெடி மூக்கில் ஏறியதும் ராஜமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலது கை நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும். அவள் மூச்சு நின்றால் அந்தக் கையும் நிற்கும், இத்தனை மாதமாக அதுதான் வழக்கம். இடது கையால் அடுப்பை அணைத்துவிட்டு, மூச்சை விடாமலே குனிந்து பார்த்தாள். முந்தானை ஓரமாகத் தொங்கிய கை தன்பாட்டுக்கு மெல்ல மடங்கியது, விரிந்தது, மறுபடி மடங்கியது. பால் குடித்துத் தூங்கிப்போன குழந்தையின் வாய் வெறுமனே சப்புமே, அந்த மாதிரி.

“பிரிஞ்சிடுச்சு!” என்று வாய்விட்டே சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. நெடியால்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன், கீழ்பென்னாத்தூர் சாலையில் மணல் கொட்டிக் கிடந்த ஒரு வளைவில், பள்ளிக்கூட வாத்தியாரான அவள் கணவன் ஜினராஜ் ஓட்டிய பைக் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த ராஜமதி, நாலு மாதக் குழந்தை தர்ஷனை இடது கையால் மார்போடு இறுக்கிக்கொண்டு வலது தோளில் விழுந்தாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்குக் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் பிய்ந்துபோய், தோளுக்குக் கீழே ஈரத்துணி மாதிரி ஒன்று தொங்கிற்று. சென்னையில் பன்னிரண்டு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்துக் கையில் பொருத்தி, விலா எலும்புகளுக்கு நடுவே ஓடி மூச்சுக்கு வேலை செய்யும் நரம்புகளில் மூன்றைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தத் தசையோடு தைத்தார்கள். ஏழு மாதம் ஒன்றுமே இல்லை. எட்டாவது மாதம், வேங்கிக்காலில் பிசியோதெரபி பார்க்கும் மெஹ்ஜபீனின் அறையில், அலுத்துப்போய் அவள் இழுத்த ஒரு பெருமூச்சில் ஆள்காட்டி விரல் லேசாக மடங்கியது.

மெஹ்ஜபீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். “அக்கா! பாத்தீங்களா? இனிமே உங்க கைக்கு மூச்சுதான் முதலாளி. இழுங்க. மடங்குதா? விடுங்க. விரியுதா? அவ்ளோதான் வித்தை.”

“பேசும்போது?”

“பேசும்போது ஆடும். சிரிச்சா குலுங்கும். இருமுனீங்கன்னா குத்து விடும், உங்க வூட்டு சாரை ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“அப்ப காலத்துக்கும் இப்படியேதானா?”

“இல்லக்கா. பழகப் பழகப் பிரிஞ்சிடும். மூச்சு தனி, கை தனி. அன்னிக்கு உங்க புள்ளைய ரெண்டு கையாலயும் தூக்கிக்கினு இந்த மாடி ஏறி வாங்க, நான் பிரியாணி போட்டுடறேன். ஐயோ, நீங்க நயினார் வூடு, ஜைனருங்க இல்ல? சரி, ஜாங்கிரி.”

ரெண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குவது. ராஜமதி வேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. தர்ஷனுக்கு நடை வந்து, பேச்சு வந்து, அவளைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டும் வயதும் வந்தாயிற்று. ஒற்றைக் கையால் அவனை இடுப்பில் ஏற்றும்போதெல்லாம் அவன் அந்தச் செத்த கையைத் தொட்டு, “அம்மா, கை தூங்குது,” என்பான்.

இப்போது அந்தக் கை தனியாகப் பிரிந்துவிட்டது. வாணலியைக்கூட இறக்கி வைக்காமல் கூடத்துக்குப் போனாள். மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் சாய்த்துப் போட்டிருந்தது. தூளிக்குள் தர்ஷன் தூங்கிக்கொண்டிருந்தான். சேலை மடிப்பு விலகிய இடத்தில் அவன் வயிறு தெரிந்தது, பனியனை மேலே சுருட்டிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக.

வயிறு ஏறியது. அவள் கை மடங்கியது.

வயிறு இறங்கியது. கை விரிந்தது.

அவள் தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், வேகமாக விட்டுப் பார்த்தாள், நாய் இரைப்பது போல இரைத்துப் பார்த்தாள். கை அவளைக் கண்டுகொள்ளவில்லை. அது குழந்தையோடு போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவளுக்குப் பயம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. தூளிக் கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் அப்படியே நின்றாள்.

மெஹ்ஜபீனும் போனில் சிரித்தாள். “பெத்த கை இல்லக்கா, பின்ன பக்கத்து வூட்டுப் புள்ள கூடவா போவும்? உங்களுக்குத் தெரியாமலே அவனைப் பாத்துப் பாத்து நீங்க மூச்சு விடறீங்க. இனிமே பிடிச்சு வைக்கப் பழகுங்க. டம்ளரைப் பிடிங்க, பத்து எண்ணுங்க. அப்புறம் இருபது. மடக்கி நிறுத்தறதுலதான் பலம் ஏறும்.”

மூன்றாம் நாள் எவர்சில்வர் டம்ளரை அந்தக் கையில் வைத்து, மனதால் மடக்கு என்றாள். மடங்கியது. உலோகத்தின் குளிர்ச்சி தெரியாவிட்டாலும் அதன் கனம் தோள்வரை ஏறி வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். கூடத்தில் தர்ஷன் ஏதோ பொம்மைக்காக வீறிட்டு அழுதுகொண்டிருந்தான், ஜினராஜ் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். மூன்று. நாலு. ஐந்தில் அழுகை நின்றது. அடங்கிப்போன அழுகை இல்லை அது. கத்தரியால் வெட்டினாற்போல, உச்சத்தில், பாதியில்.

“டேய்! டேய், தர்ஷா! ராஜி, இங்க வா!”

அவள் திடுக்கிட்டதில் டம்ளர் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அதே நொடியில் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜினராஜ் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். “ஒண்ணும் இல்ல. அழுதழுது மூச்சு கட்டிக்கிச்சு. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு இப்படித்தான், நீலமாயிடும். நீ ஏன் இப்படி வெளுத்துட்ட?”

அவள் தொங்கிய கையைப் பார்த்தாள். அது பிள்ளையின் விம்மலுக்கு விம்மல் துடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டிலுள்ள சத்தங்களை எல்லாம் அவள் கேட்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயில் மல்லாந்து கிடந்து ஜினராஜ் விட்ட குறட்டை, ஜன்னல் விளிம்பில் புறாக்கள் குமுறுவது, சுவரோரம் பல்லி ஒன்று ‘டிக் டிக்’ என்பது, தூளிக் கொக்கியின் கிறீச்சு. குறட்டை உள்ளே இழுக்கும்போது விரல்கள் மடங்கின. வெளியே வரும்போது விரிந்தன. அவள் சமையலறைக்குப் போனாள், பின்வாசலுக்குப் போனாள், துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். கை மடங்கியதும் உள்ளே குறட்டை இழுத்தது. கை விரிந்ததும் குறட்டை இறங்கியது.

எது முதலில், எது பிறகு? அதைத்தான் அவளால் பிடிக்க முடியவில்லை. பிடித்துப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

எறும்புகள்தான் அதைச் சொல்லிவிட்டன.

அந்த வீட்டில் எறும்பைத் துடைத்துத் தள்ளுகிற பழக்கம் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, தெரியாமல்கூட ஒரு பூச்சி தன்னால் சாகக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். மேடையில் எறும்பு வந்தால் ஓரமாக ஒரு சிட்டிகை அரிசிமாவைத் தூவிவிட்டு, அவை தானாக அந்தப் பக்கம் போகும்வரை காத்திருப்பாள். அன்று காலையும் காத்திருந்தாள். காத்திருக்கிற நேரத்தில் பயிற்சியைச் செய்யலாம் என்று கையை மேடைமேல் வைத்து மடக்கினாள்.

வரிசை நின்றது.

முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டிருந்த அத்தனையும், மாவுத் துகளைத் தூக்கியதும் தூக்காததும், வரைந்து வைத்த புள்ளிகளாக நின்றன. அவள் கையை விரித்தாள். ஊர்ந்தன. மடக்கினாள். நின்றன. ‘இது கண் செய்கிற வேலை, மாத்திரை செய்கிற வேலை’ என்று சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்தபடி அறுபதுவரை எண்ணினாள். விரித்தபோது பாதி எறும்புகள் தள்ளாடிக்கொண்டு நகர்ந்தன. மீதி நகரவில்லை. விரல்நுனியால் தொட்டாள். உமி மாதிரி புரண்டன.

அவள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஜினராஜிடம் சொன்னாள்.

“ஏங்க, நான் கையை மடக்கினா எறும்பு நிக்குதுங்க. செத்துப்போச்சுங்க.”

“இன்னா?” ஜினராஜ் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் பைக்கைத் தொடுவதில்லை. கீழ்பென்னாத்தூருக்கு பஸ்தான். “அப்படின்னா எங்க ஹெட்மாஸ்டர் மீட்டிங் போடும்போது ஒரு தடவ வந்து மடக்கிட்டுப் போ. ஸ்டாஃப் ரூமே உன்னைக் கும்பிடும்.”

“விளையாடாதீங்க.”

அவன் சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தான். “தூங்கி எத்தினி நாள் ஆச்சு நீ? நரம்பு மாத்திரை சாப்பிட்டா இப்படியெல்லாம் தோணும்னு டாக்டரே சொன்னாரே. இன்னிக்கு எக்சர்சைஸ் வேணாம், ரெஸ்ட் எடு.”

மெஹ்ஜபீனும் அதையேதான் சொன்னாள். “ஜாஸ்தி பண்ணிட்டீங்கக்கா, அதான். ரெண்டு நாள் ஸ்பிளிண்ட் பலகைல தட்டையா கட்டிப் போடுங்க. விரல் விரிஞ்சே இருக்கட்டும்.”

விரிந்தே இருக்கட்டும். ராஜமதிக்கு அந்தச் சொல் கிடைத்ததும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஆமாம், மடங்கினால்தானே கேடு? விரித்துக் கட்டிவிட்டால்? கட்டிப்போட்ட கை யாரை என்ன செய்யும்? அசையாத உடம்பால் எந்த உயிருக்கும் தீங்கில்லை. இது அவள் சின்ன வயதிலிருந்து நம்பியது. சாமாயிகம் என்று நாற்பத்தெட்டு நிமிடம் ஆடாமல் பேசாமல் உட்காருகிறார்களே, அது இதற்காகத்தானே. இன்று சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிள்ளையைத் தூக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கையே வேண்டாம். பழையபடி தூங்கட்டும்.

அன்று பௌர்ணமி. மதியத்திலிருந்தே தெருமுனையில் கிரிவலக் கூட்டம் நெரியத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டார் நீர்மோர்ப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். ஐந்தரைக்கெல்லாம் ராஜமதி பிள்ளைக்கு ஊட்டி, தானும் ரெண்டு கவளம் விழுங்கி, தர்ஷனைத் தூளியில் போட்டு ஆட்டினாள். அவன் தூங்கியதும் தூளிக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்து, ஸ்பிளிண்ட் பலகைமேல் கையை மல்லாத்தி வைத்து, நாலு பட்டைகளையும் இடது கையாலும் பல்லாலும் இழுத்து ஒட்டினாள். விரல்கள் பட்டைக்கடியில் திமிறின. ஒருமுறை. இன்னொரு முறை. கடைசிப் பட்டையை ஒரு சுற்று கூட இறுக்கினாள்.

அடங்கிவிட்டது.

கண்ணை மூடினாள். தெருவில் ஆயிரம் வெறுங்கால்கள் தேய்கிற சத்தம் மணலைச் சலிப்பது போலத் தொடர்ந்து கேட்டது, அதன்மேல் எங்கோ ஒலிபெருக்கியில் காணாமல்போன ஒருவரின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், கற்பூரமும் வேகவைத்த கடலையும் கலந்த வாசனை ஜன்னல் வழியே வந்தது, தலைக்குமேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. சந்தையிலிருந்து வீடு வந்ததும் எதையோ மறந்துவிட்டோம் என்று படுமே, அப்படி.

புறாக்கள் குமுறவில்லை.

பல்லி சத்தம் இல்லை.

அசையக் கூடாது, என்று சொல்லிக்கொண்டாள். விரதம். அசையாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அப்போதுதான் நினைவு வந்தது. சற்றுமுன் தூளியிலிருந்து ஒரு மூச்சு வெளியே போனது. நீளமாக. காற்றுப் போன பலூன் மாதிரி. அதற்கடுத்தது வரவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

சேலை மடிப்புக்குள் வயிறு ஒட்டிக் கிடந்தது. ஏறவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறவில்லை.

பல்லால் பட்டையைக் கிழித்தாள். ஒன்று. ரெண்டு. மூன்றாவது மாட்டிக்கொண்டது. பலகையைச் சுவரில் அடித்தாள். மூன்று. நாலு.

விரல்கள் பாய்ந்து மடங்கின.

தூளிக்குள் தர்ஷன் கிணற்றிலிருந்து மேலே வந்தவன் போல ‘ஹக்’கென்று மூச்சை இழுத்தான். ஜன்னலில் புறா படபடத்தது. அவள் விரித்தாள். வயிறு இறங்கியது. கை தானாக மடங்கும் என்று காத்திருந்தாள். அது மடங்கவில்லை. கட்டிப்போட்டதில் தன்பாட்டுக்கு ஆடுவதை அது விட்டுவிட்டது. இனி அவள்தான் மடக்க வேண்டும்.

மடக்கினாள். விரித்தாள்.

இடது கையால் போனை எடுத்தாள்.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“ஊருக்கு வெளியிலயே பஸ்ஸ நிறுத்திட்டாங்க ராஜி, கூட்டத்துல நடந்துக்கினு இருக்கேன். இன்னிக்கு எனக்குச் சாப்பாடு அவ்ளோதான், இருட்டிடுச்சு. ஏன், குரல் ஒரு மாதிரி...”

“புள்ளைக்கு மூச்சுங்க...”

“மூச்சா? வரேன். ஓடியாறேன். வை.”

மடக்கு. விரி. மடக்கு. விரி. இருநூறு ஆயிற்று. முந்நூறு. நடக்கப் பிறந்த தொடைத் தசை, பத்து விரற்கடை நீளம், ஆறு மாதத்துப் பலம். முழங்கைக்குக் கீழே அது நடுங்கத் தொடங்கியது. நானூறில் விரல்கள் பாதி வழியில் நின்றன. தூளியில் வயிறும் பாதி ஏறி நின்றது. அவள் போனைப் போட்டுவிட்டு இடது கையால் வலது விரல்களைப் பிடித்து மடக்கினாள். பிரித்தாள். மடக்கினாள். பிரித்தாள். மாவு பிசைவது போல. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அவளுடைய மூச்சு மட்டும் தனியாக, தன்னிஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு தனி. கை தனி.

கதவு திறந்தது.

ஜினராஜ் சட்டையெல்லாம் நனைந்து, செருப்போடு உள்ளே ஓடிவந்து தூளியை விலக்கினான். பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். “நல்லாத்தானே இருக்கான்!” என்றவன் அப்புறம்தான் அவளைப் பார்த்தான். ஸ்பிளிண்ட் பிளந்து கிடந்தது. அவள் தன் விரல்களைப் பிய்ப்பது போல இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, இன்னாடி பண்ற? நரம்பு பிச்சுக்கும்!”

“கிட்ட வராதீங்க. நிறுத்தக் கூடாது.”

“ராஜி, இங்க பாரு. என்னப் பாரு.” அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் இடது கையைத் தட்டிவிட்டு, மடங்கிய வலது கையைத் தன் ரெண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டான்.

“விடுங்க! கையை விடுங்க!”

“மாட்டேன்.” அவன் அழுதுகொண்டிருந்தான். இன்னும் இறுக்கினான். “அன்னிக்கு ரோட்ல கோட்டை விட்டது போதும். இனிமே உன்ன விட மாட்—”

சொல் அங்கேயே நின்றது.

வாய் திறந்திருந்தது. நெஞ்சு தூக்கி நின்றது. கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, முதலில் ஆச்சரியமாக, பிறகு வேறு மாதிரி. பிடி அப்படியே இருந்தது.

அவள் தூளியைப் பார்த்தாள். வயிறு ஏறி நின்றிருந்தது. இறங்கவில்லை.

அவனுடைய விரல் ஒன்றை நெம்பினாள். வரவில்லை. இன்னொன்றை. இரும்பு மாதிரி. முகத்தில் அறைந்தாள். கண் இமை ஆடவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினாள். தெருவில் “அரோகரா” என்று ஆயிரம் குரல் எழுந்து அவள் குரலை மூடியது.

குனிந்தாள். அவனுடைய கட்டைவிரலைப் பல்லுக்கிடையில் வைத்தாள். கடித்தாள். எலும்பில் பல் பட்டது. வாய்க்குள் வெதுவெதுப்பாக உப்புக் கரித்தது, மோவாயில் வழிந்து பாயில் சொட்டியது. எறும்பைக்கூடத் துடைத்துத் தள்ளாதவள் மறுபடியும் கடித்தாள்.

பிடி தளரவில்லை.

தூளிக்குள் சின்ன உதடுகள் நாவல்பழ நிறமாகிக்கொண்டிருந்தன. மின்விசிறி முனகியது. அந்த வீட்டில் ஒரே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, ரத்தம் நிறைந்த வாய் வழியாக, உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே.